ஸ்காட்ஸ்பரோ வழக்கு: நல்ல வக்கீல் வந்த பிறகும் ஏன் மரண தண்டனை?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இனப்பிரிவினை இருந்த காலத்தில், வெள்ளைக்காரப் பெண் ஒருவர் புகார் கொடுத்துவிட்டால் கறுப்பின ஆளுக்குத் தண்டனை நிச்சயம் என்கிறார்கள். திறமையான கிரிமினல் வக்கீல் இருந்திருந்தால் தப்பித்திருக்க முடியாதா?"

முடியவில்லை. வந்தவர் சாதாரண வக்கீலும் இல்லை, நியூயார்க்கில் கொலை வழக்குகளில் பேர்போனவர். புகார் கொடுத்த இரண்டு பெண்களில் ஒருவரே கூண்டில் ஏறி "அப்படி எதுவும் நடக்கவில்லை" என்று சொன்னார். அதற்குப் பிறகும் ஜூரி மரண தண்டனைதான் கொடுத்தது. அலபாமா மாநிலத்தின் ஸ்காட்ஸ்பரோ வழக்கைச் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரிந்து வேறு வழக்கில் இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1931 மார்ச் 25. வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்த காலம், கறுப்பரும் வெள்ளையருமாக ஏழைப் பையன்கள் கூட்ஸ் வண்டிகளில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராக வேலை தேடி அலைந்தார்கள். சட்டனூகாவிலிருந்து மெம்பிஸ் போகும் ஒரு கூட்ஸில் இரு தரப்புப் பையன்களுக்கும் அடிதடி. தன் கையை ஒரு வெள்ளைக்காரப் பையன் மிதித்ததில் ஆரம்பித்தது என்று கறுப்பினப் பையன்களில் ஒருவரான ஹேவுட் பேட்டர்சன் பின்னால் சொன்னார். அடிவாங்கி இறக்கிவிடப்பட்ட வெள்ளைப் பையன்கள் ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய் முறையிட, பெயிண்ட் ராக் என்ற சின்ன ஊரில் துப்பாக்கியோடு ஆட்கள் நின்று வண்டியை மறித்தார்கள். வண்டியின் வெவ்வேறு பெட்டிகளிலிருந்து 9 கறுப்பினப் பையன்களைப் பிடித்துக் கயிற்றால் கட்டி, மாவட்டத் தலைநகரான ஸ்காட்ஸ்பரோவுக்குக் கொண்டுபோனார்கள். அதே வண்டியிலிருந்து விக்டோரியா பிரைஸ், ரூபி பேட்ஸ் என்று இரண்டு வெள்ளைக்காரப் பெண்களும் இறங்கினார்கள், ஹன்ட்ஸ்வில் நகரத்தில் பஞ்சாலைத் தொழிலாளிகள். இந்தப் பையன்கள் எங்களைக் கற்பழித்தார்கள் என்று புகார் வந்தது.

அந்த 9 பேரில் யாருக்கும் 20 வயது ஆகவில்லை, இளையவனான ராய் ரைட்டுக்கு 12-13 வயது இருக்கும். நான்கு பேர் சட்டனூகாவில் பழகியவர்கள். மற்றவர்களுக்கு ஒருவரை ஒருவர் முன்பின் தெரியாது. வில்லி ராபர்சனுக்கு முற்றிய பால்வினை நோய், தடி ஊன்றித்தான் நடப்பார். ஓலன் மாண்ட்கோமரிக்கு ஒரு கண் சுத்தமாகத் தெரியாது, இன்னொன்றிலும் மங்கல்தான். மூக்குக்கண்ணாடி வாங்கக் காசு சம்பாதிக்கலாம் என்று கிளம்பியவர், வண்டியின் கடைசிப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஓடும் வண்டியில் பெட்டிக்குப் பெட்டி தாவி வந்து பலாத்காரம் செய்தவர்கள் பட்டியலில் இந்த இருவரும் இருந்தார்கள்.

கைதாகி 12 நாளில் விசாரணை. கூட்டம் சிறையை உடைத்துப் பையன்களைத் தூக்கிவிடாமல் இருக்க கவர்னர் ராணுவக் காவல்படையை அனுப்ப வேண்டியிருந்தது. மரண தண்டனை வழக்கில் வக்கீல் வைத்துக்கொடுக்க வேண்டும் என்று அலபாமா சட்டமே சொன்னது. நீதிபதி ஹாக்கின்ஸ் என்ன செய்தார் தெரியுமா? அந்த ஊர் வக்கீல்கள் எல்லோரையும் மொத்தமாக நியமித்தார். எல்லோரும் பொறுப்பு என்றால் யாரும் பொறுப்பில்லை என்பது கோர்ட் வாசலை மிதித்த யாருக்கும் தெரியும். விசாரணை நாளன்று வந்து நின்றது இரண்டு பேர். ஒருவர் ஸ்டீபன் ராடி, சட்டனூகாவில் மனை, நிலப் பத்திர வேலை பார்த்தவர். அலபாமா நடைமுறை எனக்குத் தெரியாது, தயாராகவும் வரவில்லை என்று அவரே நீதிபதியிடம் சொன்னார், அன்று குடித்திருந்தார் என்றும் பார்த்தவர்கள் சொன்னார்கள். இன்னொருவர் மைலோ மூடி, 69 வயது, வழக்கு நடத்தியே பல வருடம் ஆனவர். கட்சிக்காரர்களோடு பேச அவர்களுக்குக் கிடைத்தது அரை மணி நேரம்கூட இல்லை. ஏப்ரல் 6 முதல் 9 வரை, நான்கு நாளில் நான்கு விசாரணை, 8 பேருக்கு மரண தண்டனை. முதல் தீர்ப்பைக் கேட்டு வெளியே கூட்டம் போட்ட ஆரவாரம் அடுத்த விசாரணை நடந்துகொண்டிருந்த அறை வரைக்கும் கேட்டது. ராய் ரைட் சிறுவன் என்பதால் அரசுத் தரப்பே ஆயுள் தண்டனை போதும் என்றது. ஆனால் ஜூரியில் பெரும்பாலோர் மரணம்தான் வேண்டும் என்று நின்றதால் முடிவு எட்டாமல் போனது.

இதுவரை படித்தால் "பார்த்தீர்களா, வக்கீல் சரியில்லாததுதான் காரணம்" என்று தோன்றும். உச்ச நீதிமன்றமும் முதலில் பார்த்தது அதைத்தான். கம்யூனிஸ்ட் கட்சியோடு சேர்ந்த சர்வதேசத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு அப்பீலை எடுத்துப் போனது. 1932 நவம்பர் 7-ல், பவல் எதிர் அலபாமா வழக்கில், 7-க்கு 2 என்ற கணக்கில் தண்டனைகள் ரத்தாயின. மரண தண்டனை வழக்கில், வக்கீல் வைக்க வசதியில்லாத, தானே வாதாட அறிவோ படிப்போ இல்லாத ஒருவருக்கு உண்மையாகவே உதவக்கூடிய வக்கீலை நீதிமன்றம் கொடுத்தாக வேண்டும், பெயருக்கு ஒருவரை நிறுத்துவது போதாது என்று நீதிபதி சதர்லாண்ட் எழுதினார். (எல்லா பெரிய குற்ற வழக்குகளுக்கும் இந்த உரிமை வந்து சேர 1963-ல் கிடியன் வழக்கு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.) பையன்கள் குற்றவாளிகளா இல்லையா என்பதை அந்தத் தீர்ப்பு தொடவே இல்லை. திரும்ப விசாரியுங்கள் என்று அனுப்பியது, அவ்வளவுதான்.

சரி, இனி நல்ல வக்கீல் வந்த கதை.

சாமுவேல் லீபோவிட்ஸ், ஒரு பைசா வாங்காமல் 1933-ல் வழக்கை எடுத்தார். விசாரணை டெகேட்டர் என்ற பக்கத்து ஊருக்கு மாறியது, முதலில் பேட்டர்சனை விசாரித்தார்கள். அரசுத் தரப்பில் மாநில அட்டர்னி ஜெனரல் தாமஸ் நைட்டே நேரில் வந்து நின்றார். முந்தைய தண்டனைகளை உறுதிசெய்த அலபாமா உச்ச நீதிமன்றத்தில் அவருடைய அப்பா ஒரு நீதிபதி.

லீபோவிட்ஸ் முதலில் கைவைத்தது சாட்சிகளிடம் இல்லை, ஜூரிப் பட்டியலில். கிரிமினல் வழக்குகளில் ஜூரி முறை நம் நாட்டில் எப்போதோ போய்விட்டதால் இதன் கனம் நமக்குச் சட்டென்று பிடிபடாது. அங்கே குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்வது நீதிபதி அல்ல, ஊரிலிருந்து தேர்ந்தெடுத்த 12 பேர். அந்த 12 பேர் எந்தப் பெயர்ப் பட்டியலிலிருந்து வருகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்காட்ஸ்பரோ இருக்கும் ஜாக்சன் மாவட்டத்தில் 36,881 பேரில் 2,688 பேர் கறுப்பினத்தவர். டெகேட்டர் இருக்கும் மோர்கன் மாவட்டத்தில் 46,176 பேரில் 8,311 பேர். ஆனால் அங்கே வாழ்ந்து பழுத்த கிழவர்களுக்குக்கூட ஒரு கறுப்பர் ஜூரியில் உட்கார்ந்து பார்த்த ஞாபகம் கிடையாது. தடுக்கும் சட்டம் ஏதும் இருந்ததா என்றால், இல்லை. நேர்மை, அறிவு, நல்ல குணம் உள்ளவர் என்று ஊரில் பெயரெடுத்த ஆண்கள் என்றுதான் சட்டம் சொன்னது (பெண்களுக்கு அலபாமாவில் 1966 வரை ஜூரியில் இடமே இல்லை). பட்டியல் போடும் அதிகாரி ஒருவர் சாட்சிக் கூண்டில் நின்று, இந்தத் தகுதியெல்லாம் உள்ள கறுப்பர் ஒருவரையும் எனக்கு இந்த மாவட்டத்தில் தெரியாது என்றார்.

அதற்கு லீபோவிட்ஸ், அந்த ஊர்களின் கறுப்பினப் பெரியவர்களையே ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றினார். டாக்டர்கள், போதகர்கள், ஆசிரியர்கள், வியாபாரிகள். ஸ்காட்ஸ்பரோவிலிருந்து ஜான் சான்ஃபோர்ட் என்ற பூச்சு வேலைக்காரர் வந்தார். நைட் அவரை விரலை நீட்டி "ஜான்" என்று கூப்பிட்டு அதட்ட, லீபோவிட்ஸ் எழுந்து "மிஸ்டர் சான்ஃபோர்ட் என்று கூப்பிடுங்கள்" என்றார். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை என்று நைட் பதில் சொன்னார். ஆங்கிலத்தில் வா, வாங்க என்ற பேதம் இல்லையே என்று நாம் நினைப்போம். ஆனால் அந்த "மிஸ்டர்" இருந்தால் வாங்க, இல்லாவிட்டால் வா. ஒரு கோர்ட் அறை முழுக்க அந்த ஒரு சொல் விடுபட்டதைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தது. வயதில் மூத்தவர்களையும் ஒருமையில் கூப்பிட்டுப் பழகிய ஒரு சமூகத்தில் அந்த ஆளுடைய வாக்குமூலத்துக்கு என்ன மதிப்பு கிடைத்திருக்கும் என்று தமிழ் பேசுகிற ஆளுக்கு விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் சாட்சிகள். விக்டோரியா பிரைஸை லீபோவிட்ஸ் துருவித் துருவிக் குறுக்கு விசாரணை செய்தார். 32 அடி நீளத்துக்கு அந்தக் கூட்ஸின் மாதிரி ஒன்றைச் செய்து மேஜையில் வைத்து, நீங்கள் இருந்த வண்டி இதுபோல்தானே என்று கேட்டால், இது பொம்மை, நான் வந்தது பெரியது என்பார். கூர்மையான சரளைக் கற்களின் மேல் கிடத்தி ஆறு பேர் பலாத்காரம் செய்தார்கள், தலையில் ரத்தம் வந்தது என்பது அவர் வாக்குமூலம். சம்பவம் நடந்ததாகச் சொன்ன நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இரு பெண்களையும் பரிசோதித்த டாக்டர் பிரிட்ஜஸ் அரசுத் தரப்புச் சாட்சிதான்; அவரே சில கீறல்களையும் காயத் தடங்களையும் தவிர வேறு காயம் இல்லை, நாடித் துடிப்பும் மூச்சும் இயல்பாக இருந்தன, கிடைத்த விந்தணுக்கள் உயிரோட்டமில்லாதவை என்றார். கடைசியில் ரூபி பேட்ஸே எதிர்த்தரப்புச் சாட்சியாக வந்தார். பலாத்காரம் நடக்கவில்லை, விக்டோரியா சொல்லச் சொன்னதைத்தான் நானும் சொன்னேன் என்றார். 1932 ஜனவரியிலேயே தன் நண்பருக்கு எழுதிய கடிதத்திலும் இதையே எழுதியிருந்தார்.

ஒரு வக்கீலுக்கு இதற்கு மேல் என்ன கிடைக்கும்? புகார்தாரர்களில் ஒருவரே நம் பக்கம், மருத்துவச் சாட்சியும் நம் பக்கம். ஆனால் அரசுத் தரப்பின் வேட் ரைட் தொகுப்புரையில், அலபாமாவின் நீதியை நியூயார்க் யூதப் பணத்தால் விலைக்கு வாங்க முடியாது என்று காட்டுங்கள் என்று ஜூரியைப் பார்த்து முழங்கினார். ரூபி பேட்ஸ் போட்டிருந்த புது உடுப்பு யார் வாங்கிக் கொடுத்தது என்ற பேச்சு அவர் சொன்ன உண்மையை மூழ்கடித்தது. விக்டோரியாவை லீபோவிட்ஸ் நார் நாராகக் கிழித்ததும் எதிராகத்தான் முடிந்தது: ஒரு தெற்கத்திய வெள்ளைப் பெண்ணை வெளியூர்க்காரன் கோர்ட்டில் வைத்து அவமானப்படுத்துகிறான் என்றுதான் அந்த 12 பேருக்கும் பட்டது. 1933 ஏப்ரல் 9, பேட்டர்சனுக்கு மறுபடியும் மரண தண்டனை.

இந்த விசாரணையை நடத்திய நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டனைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. அந்தப் பெண்களைப் பரிசோதித்த இரண்டாவது டாக்டரான மார்வின் லிஞ்ச் தன்னைத் தனியாகச் சந்தித்து, அந்தப் பெண்கள் பலாத்காரம் செய்யப்படவில்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் சாட்சி சொன்னால் இந்த ஊரில் நான் வாழ முடியாது என்றார் என்று ஹார்ட்டன் பல வருடம் கழித்துச் சொன்னார் (அந்த டாக்டர் அதை மறுத்தார்). ஜூன் 22 அன்று ஹார்ட்டன், விக்டோரியாவின் சாட்சியத்துக்கு எந்த ஆதாரமும் துணை நிற்கவில்லை என்று விரிவாக எழுதி, ஜூரி முடிவை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். நீதிபதிகளும் அங்கே தேர்தலில் நின்றுதான் வர வேண்டும். 1934 தேர்தலில் அவர் தோற்றார், மறுபடி நீதிபதி ஆகவே இல்லை. அந்தத் தேர்தலுக்கு முன்பே, 1933-லேயே, அவருக்குப் பதிலாக வழக்கு காலஹன் என்ற நீதிபதியிடம் போயிருந்தது. ஜூரிக்கு வழிகாட்டும்போது, "குற்றவாளி இல்லை" என்று முடிவெடுத்தால் அதை எப்படி எழுதித் தருவது என்பதையே அவர் சொல்ல மறந்துவிட்டார். லீபோவிட்ஸ் ஓடிப்போய் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. பேட்டர்சனுக்கும், ஒன்பது பேரில் இன்னொருவரான கிளாரன்ஸ் நாரிஸுக்கும் மறுபடி மரண தண்டனை.

இப்போது பட்டியலுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் இந்த வழக்கில் உண்மையில் வேலை செய்தது அதுதான். லீபோவிட்ஸ் போட்ட ஆட்சேபணைகள் எல்லாம் கீழ் கோர்ட்டில் தள்ளுபடியாயின, அவர் அசரவில்லை; எழுத்தில் பதிவானால் போதும், மேலே கொண்டுபோய்க்கொள்ளலாம் என்பது அவருடைய கணக்கு. ஜாக்சன் மாவட்ட ஜூரிப் புத்தகத்தைக் கோர்ட்டுக்கு வரவழைத்தபோது, அதிசயமாக 6 கறுப்பினத்தவர் பெயர் அதில் இருந்தது. கையெழுத்து நிபுணர் பார்த்தார். பழைய பட்டியல் முடிகிற இடத்தைக் காட்டச் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். அந்தப் பெயர்கள் சிவப்புக் கோட்டின் மேலே ஏறி எழுதப்பட்டிருந்தன. அதாவது கோடு முதலில், பெயர் பிறகு. வழக்கு கிளம்பிய பிறகு யாரோ உட்கார்ந்து இடுக்கில் சொருகியிருக்கிறார்கள். அதிகாரிகள் குற்றம் செய்தார்கள் என்று நான் ஊகிக்க மாட்டேன் என்று காலஹன் ஒதுக்கிவிட்டார்.

1935 பிப்ரவரியில் வாஷிங்டனில், உச்ச நீதிமன்றத்தில் லீபோவிட்ஸ் இதைச் சொன்னபோது, நிரூபிக்க முடியுமா என்று தலைமை நீதிபதி ஹியூஸ் கேட்டார். புத்தகம் கையோடு வந்திருந்தது. பூதக்கண்ணாடியும் இருந்தது. நீதிபதிகள் ஒருவர் பின் ஒருவராக அந்தப் பக்கத்தைக் குனிந்து பார்த்தார்கள். சட்டத்தைத்தான் அந்த நீதிமன்றம் ஆராயும், இப்படி ஒரு காகிதத்தை நேரில் வாங்கிப் பார்ப்பது வழக்கமே இல்லை. ஏப்ரல் 1-ல் நாரிஸ் எதிர் அலபாமா தீர்ப்பு வந்தது: ஒரு தலைமுறைக்கு மேலாக ஒரு கறுப்பர்கூட ஜூரிக்கு அழைக்கப்படாதது தற்செயல் என்று சொல்ல முடியாது, தண்டனை செல்லாது.

இதோடு முடிந்தது என்று நினைத்தால், இல்லை. 1935 நவம்பரில் புதிதாகக் குற்றம் சாட்டிய கிராண்ட் ஜூரியில் (வழக்கு விசாரணைக்குப் போகலாமா என்று முதலில் முடிவு செய்யும் குழு) ஒரே ஒரு கறுப்பர் இருந்தார். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு போதும் என்பதால் அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குற்றச்சாட்டு நிறைவேறும். 1936 ஜனவரி விசாரணைக்கு 100 பேரை அழைத்தார்கள், அதில் 12 பேர் கறுப்பினத்தவர். சிலர் எங்களை விட்டுவிடுங்கள் என்று விலகினார்கள். அவர்கள் எந்த ஊருக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று யோசித்தால் அதைக் குறை சொல்ல மனம் வராது. மீதியிருந்தவர்களை அரசுத் தரப்பு நீக்கியது. மறுபடி 12 வெள்ளையர். பேட்டர்சனுக்கு 75 வருடம் சிறை. அடுத்த நாள் சிறைக்குத் திரும்பும் காரில் ஒன்பது பேரில் ஒருவரான ஓஸி பவல் ஒரு காவலரைக் கத்தியால் கீற, இன்னொரு அதிகாரி அவர் தலையில் சுட்டார். பிழைத்தார், ஆனால் மூளை பாதித்தது.

1937 ஜூலையில் அரசு நான்கு பேர் மீதான வழக்கைக் கைவிட்டது: ராபர்சன், மாண்ட்கோமரி, யூஜீன் வில்லியம்ஸ், ராய் ரைட். முதல் இருவரும் குற்றம் செய்யவில்லை என்றே அரசு சொன்னது. ஒன்பது பேர் மீதும் இருந்தது ஒரே பெண்ணின் ஒரே வாக்குமூலம்தான். நான்கு பேர் விஷயத்தில் அது நிற்காது என்றால் மற்ற ஐந்து பேர் விஷயத்தில் எப்படி நிற்கும்? நாரிஸுக்கு மரண தண்டனை (1938-ல் கவர்னர் ஆயுளாகக் குறைத்தார்), ஆண்டி ரைட்டுக்கு 99 வருடம், வீம்ஸுக்கு 75, பவலுக்குக் காவலரைத் தாக்கியதற்கு 20. விடுதலையான நான்கு பேரும் ஆறு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டார்கள், ராய் ரைட்டின் இளமைக்காலமே அங்கேதான் கழிந்தது. நாரிஸுக்கு மன்னிப்பு 1976-ல் கிடைத்தது. பேட்டர்சன், வீம்ஸ், ஆண்டி ரைட் மூவருக்கும் 2013 நவம்பரில், அவர்கள் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: நல்ல வக்கீல் அந்தப் பையன்களை ஜூரியிடமிருந்து காப்பாற்றவில்லை, மின்சார நாற்காலியிலிருந்து காப்பாற்றினார். ஒன்பது பேரில் ஒருவருக்கும் மரண தண்டனை நிறைவேறவில்லை. அந்தக் காலத்து அலபாமாவில் அது சின்ன விஷயம் இல்லை. குறுக்கு விசாரணையில் அவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த அறையில் அது எடுபடாது என்று தெரிந்தே, ஒவ்வொரு ஆட்சேபணையையும் பதிவில் ஏற்றிக்கொண்டே போனார் பாருங்கள், வழக்கின் உயிர் அங்கே இருந்தது. இது எல்லோருக்கும் வாய்த்ததும் இல்லை. பணம் திரட்ட அமைப்பும் பத்திரிகைகளின் கவனமும் இருந்ததால் இந்த வழக்கு வாஷிங்டன் வரை போனது; நான்கு நாளில் முடிந்து யாரும் எழுதாமல் போன வழக்குகள் எத்தனையோ. வாதாட வந்த வக்கீலுக்கும் உயிர் பயம் உண்டு. பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான தர்குட் மார்ஷலையே 1946-ல் டென்னசியின் கொலம்பியா ஊரில் ஒரு வழக்கு முடிந்து திரும்பும்போது ரோட்டில் மறித்துப் பிடித்துக்கொண்டு போனார்கள், கூட வந்தவர்கள் பின்தொடர்ந்ததால்தான் தப்பினார்.

"இதெல்லாம் பழைய கதை" என்று சிலர் சொல்வார்கள். பட்டியலிலிருந்து நீக்குவது நின்றது, அறைக்குள் வந்தவரை நீக்குவது நிற்கவில்லை. காரணம் சொல்லாமலே சிலரை ஜூரியிலிருந்து விலக்க இரு தரப்புக்கும் உரிமை உண்டு. இனத்தைப் பார்த்து அப்படி விலக்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்ன பேட்சன் தீர்ப்பு வந்ததே 1986-ல்தான். மிசிசிப்பியில் கர்டிஸ் ஃபிளவர்ஸ் என்பவரை ஒரே வழக்கில் ஆறு முறை விசாரித்தார்கள், ஆறிலும் சேர்த்து 42 கறுப்பின ஜூரர்களில் 41 பேரை அரசு வக்கீல் விலக்கினார். 2019-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. ஜார்ஜியாவில் திமோத்தி ஃபாஸ்டர் வழக்கு இன்னும் நெருக்கம். 1987-ல் தகுதியான நான்கு கறுப்பினத்தவரையும் விலக்கிவிட்டு, இனம் காரணமே இல்லை என்று அரசுத் தரப்பு சாதித்தது. சுமார் இருபது வருடம் கழித்து, தகவல் கேட்கும் சட்டத்தின் கீழ் அரசு வக்கீலின் கோப்பை வாங்கிப் பார்த்தார்கள். ஜூரர் பட்டியலில் கறுப்பினத்தவர் பெயர்கள் எல்லாம் பச்சை மையில் தீற்றியிருந்தன, பக்கத்தில் "பி" என்ற எழுத்து. பச்சை என்றால் கறுப்பர் என்று பட்டியலின் மூலையில் விளக்கக் குறிப்பும் எழுதி வைத்திருந்தார்கள்.